ஜூன் மூன்றாம் தேதிக்காரன்

திண்டிவனம்,
29.5.1993

தவிட்டுக்கு வாங்கின தம்பி குப்புவுக்கு அக்கா அம்சா எழுதுவது.

இங்கே நானும் என் பெண் அருணாவும் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம்தான், அவளால் எங்களுக்குத்தான் தலைவலி. வருகிற வியாழக்கிழமை ஜூன் மூன்று, உனக்கு நாற்பத்தொன்று முடிகிறது என்று திங்கட்கிழமையிலிருந்தே வீட்டை இரண்டாக்குகிறாள். முந்திரி வாங்கியாகிவிட்டது. தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்தாகிவிட்டது. காலை ஏழு மணி பஸ்ஸில் பாயசத்தை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வந்து இறங்குவாள். போன வருஷம் விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது, "மணிக்கு பாயசம் ஆறிப்போவுது, ஜல்தியா எடுப்பா" என்று டிரைவரை விரட்டினாளாம். மணி யாரு, பேரப்பிள்ளையா என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். "எம்புள்ளதான், இப்பத்தான் நடக்கறான்" என்றாளாம் அம்மா.

இப்பத்தான் நடக்கிற பிள்ளையே, முன்மண்டையில் முடி போயிற்று, பின்பக்கம் தொப்பையைத் தவிர எல்லாம் இளைத்துவிட்டது என்று உன் பெண்டாட்டி தேவயானி எழுதியிருந்தாள். கவலைப்படாதே. நீ பிறந்தபோதும் இப்படித்தான் இருந்தாய். சுட்ட கத்தரிக்காய் மாதிரி. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். உனக்கு ஒரு முறம் தவிடு அதிகம் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது.

ஊரில் பாதிப் பேருக்கு வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாள்தான், உங்க தம்பிக்கும் அப்படித்தானா என்று தேவயானி கேட்டிருந்தாள். அப்படி இல்லை என்று சொல். ஜூன் மூன்று கிராம முன்சீப் ரிஜிஸ்டரிலேயே ஏறிய தேதி.

ஒரு விஷயம். அம்மா என்ன செய்தாலும் செய்ய விடு. எண்ணெய் வைத்தால் தலையைக் கொடு. ஊட்டினால் வாயைத் திற. ஏன் எதற்கு என்று கேட்டு அவளைப் பேஜார் பண்ணாதே.

அக்கா,
அம்சா


விழுப்புரம்,
5.6.1993

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாழ்த்தும் வசவும் சேர்ந்தே வந்து சேர்ந்தன. தொப்பை பின்பக்கம் இல்லை, முன்பக்கம்தான் இருக்கிறது என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

அம்மா வந்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று "மணீ..." என்று அவள் கூப்பிட்ட குரலுக்கு நான்கு வீட்டுக் கதவு திறந்தது. டிக்கெட் கவுன்ட்டரில் ஊரையே அதட்டுகிற ஆளைக் கோவணத்தோடு மணையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தாள். பெற்ற பிள்ளை இளவழகனுக்குப் பதினோரு வயது, அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சோறு பிசைந்தாள் பார், பல் முளைக்காத குழந்தைக்குப் பிசைகிற மாதிரி. ஒவ்வொரு வாய்க்கும் ஊதி ஊதிக் கொடுத்தாள். "எனக்கு நாப்பத்தொண்ணும்மா" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. வருஷம் முழுக்கக் குப்பு, டேய், தடியா. இந்த ஒரு நாள்தான் மணி.

ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அம்மா ஏனோ கேமராவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

தம்பி,
மணிமாறன்


விழுப்புரம்,
22.4.2012

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நான் கத்தியது பக்கத்து வீட்டுக்காரருக்கெல்லாம் கேட்டது. உனக்கு மட்டும் கேட்கவில்லை. காது மெஷினை அருணா வாங்கித் தந்தும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாயாம். சரி, பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன்.

வருகிற ஜூன் மூன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அறுபது முடிகிறது. நான் பிறந்த நந்தன வருஷமே சுற்றி வந்திருக்கிறதாம். இளவழகன் மண்டபம் பிடித்துவிட்டான். கலசம் வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, தேவயானிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். ஜூன் முப்பது ரிடையர்மென்ட். ஒரே மாதத்தில் கிழவனும் ஆகி மாப்பிள்ளையும் ஆகிறேன்.

நீ இல்லாமல் இது நடக்காது. முதல் முடிச்சு நான் போடுவேன், நாத்தனார் முடிச்சு நீதான் போட வேண்டும். முதல் கல்யாணத்தில் நீ போட்ட முடிச்சு முப்பத்திரண்டு வருஷமாக அவிழவில்லை, நானும் முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன். இளவழகன் கார் அனுப்புவான். உன் மூட்டு வலிக்குக் கால் நீட்டி உட்கார இடம் உண்டு.

மனதில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். அம்மா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு பிறந்தநாள் கடிதம்கூட எழுதவில்லை. அம்மாவுக்காகத்தான் எழுதினாயா? நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

தம்பி,
மணிமாறன்


திண்டிவனம்,
27.4.2012

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கூடவே வந்த கல்யாணப் பத்திரிகையும் பார்த்தேன். நான் வரவில்லை.

மூட்டு வலி என்று பொய் சொல்லலாம், உன்னிடம் பொய் சொல்லி அலுத்துவிட்டது. அந்தத் தேதி வேண்டாம். அடுத்த வருஷம் ஐப்பசியில் வை. தவழ்ந்தாவது வந்து முடிச்சுப் போடுகிறேன். ஜூன் மூன்றாம் தேதி மட்டும் நீ அந்த மணையில் உட்காராதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஏன் என்று கேட்காதே.

அம்சா


விழுப்புரம்,
2.5.2012

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தேவயானியிடம் காட்டவில்லை. காட்டினால் அவள் பாட்டுக்கு ஒரு அர்த்தம் பண்ணிக்கொள்வாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் எனக்கு அறுபத்தொன்றரை. அந்த வயதில் யாராவது அறுபது கொண்டாடுவார்களா? பத்திரிகையில் தேவயானி அண்ணன் வேங்கடேசன் பெயர் உன் பெயருக்கு மேலே போய்விட்டது. அதுதான் கோபமா? அது பிரஸ்காரன் செய்த வேலை. வேண்டுமானால் மறுபடி அடிக்கச் சொல்கிறேன்.

கோபம் அது இல்லை என்றால் என்னவென்று சொல். சின்ன வயதிலிருந்தே நீயும் அம்மாவும் ஏதோ பேசிக்கொண்டிருப்பீர்கள், நான் வந்தால் நிறுத்திவிடுவீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? அம்மா போய்விட்டாள். நீயும் ஏன் எதற்கு என்று கேட்காதே என்கிறாய். எனக்கு அறுபது வயதாகிறது அக்கா. என் வீட்டில் நான் இன்னும் எந்தக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும்?

காரணம் சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும். நாத்தனார் முடிச்சுப் போட வேறு யாராவது கிடைப்பார்கள்.

மணிமாறன்


திண்டிவனம்,
9.5.2012

தம்பி,

சொல்லிவிடுகிறேன். யாரும் உனக்கு இதைச் சொல்லக்கூடாதென்று அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தை மீறினால் என் தலைதானே வெடிக்கும். அறுபத்தாறு வயது ஆன தலை, வெடித்தால் வெடிக்கட்டும்.

உனக்கு ஓர் அண்ணன் இருந்தான். மணிமாறன் என்பது அவன் பெயர். ஜூன் மூன்று அவன் பிறந்த தேதி.

1952இல் பிறந்தான். அப்பா கட்சிக் கூட்டத்துக்கெல்லாம் சைக்கிள் மிதித்துப் போகிற ஆள், உனக்கே தெரியும். நல்ல தமிழ்ப் பெயராக வைத்து முன்சீப்பிடம் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். ஒரு வயதும் இரண்டு மாதமும் இருந்தான் அவன். அடுத்த வருஷம் ஆடியில் போய்விட்டான். திடீரென்று போய்விட்டான். அம்மா வயிற்றில் நீ அப்போது ஆறு மாதம்.

நீ பிறந்தவுடன் உன்னைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போடச் சொன்னாள் அம்மா. முந்தின பிள்ளையைக் கொண்டுபோனது எதுவோ, அது இந்தப் பிள்ளையையும் தேடி வரும். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று அதற்குக் காட்டிவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடும். அப்பாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் அன்று தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செண்பகம் உன்னைக் குப்பையிலிருந்து எடுத்தாள். ஒரு முறம் தவிடு கொடுத்து அம்மா உன்னை அவளிடம் வாங்கினாள். முறத்தைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். எனக்கு ஏழு வயது. குப்பு என்று பெயர் வைத்தார்கள். காலமெல்லாம் உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று கேலி பண்ணினேனே, அதில் ஒரு சொல்லும் கேலி இல்லை.

உன் பிறப்பை யாரும் எங்கும் எழுதவில்லை. எழுதினால் நீ இருப்பது தெரிந்துவிடும் என்று அம்மா அப்பாவைத் தடுத்துவிட்டாள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது உனக்கு நாலரை வயது. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார், உனக்கு எட்டவில்லை. வயசு பத்தாது, அடுத்த வருஷம் வா என்றாராம். அப்பா சட்டைப் பையிலிருந்து உன் அண்ணனுடைய பிறப்புக் காகிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "மணிய இஸ்கூல்ல சேத்துட்டேன்" என்றார். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று எனக்கு அன்று புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

அதற்கு அடுத்த ஜூனிலிருந்துதான் எண்ணெயும் பாயசமும். 93ஆம் வருஷத்து போட்டோவை எடுத்துப் பார். அம்மா கேமராவையும் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். அவள் கண் உன் முட்டிக்குப் பக்கத்தில், தரைக்கு இரண்டடி மேலே நிற்கிறது. நடக்கப் பழகிய பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கிற உயரம் அது. எனக்கு அந்த போட்டோவை மாட்டி வைக்கத் தைரியம் வரவில்லை.

அம்மா இருந்தவரை அவளுக்காக எழுதினேன். நீ கேட்டது சரிதான். அவள் போன பிறகு அந்தத் தேதியில் உனக்கு வாழ்த்து எழுதக் கை வரவில்லை. கலசத்துத் தண்ணீரை ஊற்றும்போது ஐயர் மணிமாறன் என்று பெயர் சொல்வார். நந்தன வருஷம் வைகாசி என்று சொல்வார். அப்படிக் கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுவதாக ஆகும்? பயமாக இருக்கிறது குப்பு. அந்தப் பந்தலில் நின்று என்னால் முடிச்சுப் போட முடியாது.

அக்கா


விழுப்புரம்,
15.5.2012

அக்காவுக்கு,

மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஜோசியர் தேதி சரியில்லை என்றாரென்று இளவழகனிடம் சொன்னேன். தேவயானியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டாள். 

முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் மணிமாறன் என்று கையெழுத்துப் போட்டேன். அவன் வயதுக்கு நான் ரிடையர் ஆகிறேன். இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அம்மா விஷயம்தான் என்னால் முடியவில்லை. வருஷத்தில் ஒரு நாள் அவள் என்னைக் கொஞ்சினாள். அந்த ஒரு நாளை நம்பி மற்ற நாளை ஓட்டியவன் நான். அடித்தாலும் திட்டினாலும், ஜூன் வரும், அம்மா மணி என்று கூப்பிடுவாள் என்று இருந்தேன். அந்த நாளும் என்னுடையது இல்லை என்கிறாய். அவள் தேய்த்த எண்ணெய்க்கு ஒரு தலை வேண்டியிருந்தது, நான் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதானே?

இன்னொன்று. இதைத் தேவயானிக்குக்கூடச் சொன்னதில்லை, வெட்கம். ஊட்டி முடித்ததும் அம்மா எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவாள். "வாயத் தொற மணி" என்பாள். ஆள்காட்டி விரலை என் வாய்க்குள் விட்டு இரண்டு கன்னத்துக்குள்ளும் துழாவுவாள். நாக்குக்கு அடியில் பார்ப்பாள். தொண்டை வரைக்கும் விடுவாள், எனக்குக் குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். "ஒண்ணியும் இல்ல, ஒண்ணியும் இல்ல" என்று அவளுக்கே சொல்லிக்கொண்டு விரலை எடுப்பாள். சாகிற வருஷம் வரை, ஒரு வருஷம் தவறாமல் செய்தாள். ஏதோ கிழவியின் வழக்கம் என்று இருந்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த விரல் என் தொண்டையில் இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

திடீரென்று போய்விட்டான் என்று எழுதியிருக்கிறாய். எப்படிப் போனான்? நான் எப்போது பிறந்தேன்? இரண்டையும் சொல். வேறு எதுவும் இனிமேல் உன்னைக் கேட்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தில் என்ன பெயர் போடுவது என்று தெரியவில்லை.


திண்டிவனம்,
24.5.2012

குப்பு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அம்மாவின் விரல் என்று நீ எழுதிய இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. அருணா டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்தக்கொதிப்பு என்றார். அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆடிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். கூடமெல்லாம் கடலைத் தோல். அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் என் மடியில் இருந்தான். அழுதான். வேலை ஓடவில்லை, அம்மா திட்டுவாள் என்று ஒரு பருப்பை எடுத்து அவன் வாயில் வைத்தேன். முழுப் பருப்பு. நல்ல சிவப்பாக, பெரிதாகப் பார்த்துத்தான் கொடுத்தேன், அவனுக்கு என்று. அழுகை நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. இருமவில்லை, ஒரு சத்தமும் இல்லை. விளையாட்டுக் காட்டுகிறான் என்று நான் சிரித்தேன் குப்பு. சிரித்துக்கொண்டிருந்தேன். உதடு நீலமாகும் வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஐம்பத்தொன்பது வருஷமாகத் திறக்கவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. நீ எப்போது பிறந்தாய் என்று சொன்னால், அவன் எப்படிப் போனான் என்று சொல்ல வேண்டி வரும். சத்தியம் என்பதெல்லாம் சாக்கு. எனக்குப் பயம். காது போய் எட்டு வருஷம் ஆகிறது. பஸ் ஹாரன் கேட்பதில்லை, நீ கத்துவது கேட்பதில்லை. அந்தச் சத்தமில்லாத சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அன்று அம்மா ஓடி வந்து அவனைப் பிடுங்கினாள். வாயில் விரலை விட்டாள். விரலை எடுத்து முந்தானையில் துடைத்து முடிந்துகொண்டாள். அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும், அவளுக்குத் தெரியாது என்று நம்பியிருந்தேன். நீ எழுதிய பிறகுதான் தெரிகிறது. எடுத்தவள் அவள். நேரம் கடந்த பிறகு எடுத்திருக்கிறாள். அவளுக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டு நாற்பத்தொன்பது வருஷம் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நான் வடித்த சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாள். நான் மல்லாட்டை தொட மாட்டேன், உனக்குத் தெரியும். யாராவது ஏன் என்று கேட்டால் நான் பதில் சொல்லும் முன்பே அம்மா சொல்லிவிடுவாள், "அதுக்கு ஒத்துக்காதும்மா, ஒடம்பெல்லாம் தடிச்சிரும்." எனக்கு ஒரு நாளும் தடித்ததில்லை. அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. இந்த வயதில் உட்கார்ந்து அழுகிறேன், என்ன சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

நீ பிறந்தது ஐப்பசி பதினாலு. அடைமழை. மருத்துவச்சி வருவதற்குள் பிறந்துவிட்டாய். வருகிற வருஷம் ஐப்பசியில்தான் உனக்கு அறுபது.

அம்மா அந்த நாளை விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வருஷமும் விடவில்லை. அன்றைக்கு உன்னைத் திட்டுவாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரித் திட்டுவாள், காரணமே இருக்காது. நான் ஒரு தடவை ஏம்மா என்று கேட்டேன். "நான் அவன கொஞ்சுனா அது காது குடுத்துக் கேக்கும்டி. நல்ல புள்ள போலக்கீதுன்னு தூக்கிக்கினு பூடும். சனியன் சனியன்னு திட்டிக்கினே இருந்தா, யாருக்கு வேணும் இதுன்னு வுட்டுட்டுப் போவும்" என்றாள். சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் உனக்குக் கேப்பை மாவில் வெல்லம் போட்டு அடை தட்டினாள். ஜூன் மூன்றாம் தேதி அவள் செத்தவனோடு இருந்தாள். அது உண்மைதான். ஐப்பசி பதினாலு உன்னோடு இருந்தாள். உன்னைப் பெற்ற நாளை வசவுக்குள் போட்டு மறைத்து வைத்திருந்தாள்.

இனி உன் இஷ்டம். நான் இருக்கிறேனா, செத்துவிட்டேனா என்று நீ நினைப்பது எதுவானாலும் சரி.

அம்சா


விழுப்புரம்,
6.6.2012

அக்கா,

முதலில் இதைப் படி. ஏழு வயதுப் பெண் அழுகிற தம்பிக்குப் பெரிய பருப்பாகப் பார்த்துக் கொடுத்தாள். நடந்தது அவ்வளவுதான். அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் உனக்கு உடம்பு தடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவள் உன்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். நான் வந்து எதைக் கேட்பது? இன்னொரு முறை செத்துவிட்டேனா என்றெல்லாம் எழுதினால் அடுத்த பஸ் ஏறி வந்துவிடுவேன்.

ஐப்பசி என்றதும் எனக்கு என்னென்னவோ நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் அம்மா திடீரென்று விழுப்புரம் வருவாள். வாசலில் நின்று, "தண்டத்துக்குத் தின்னுக்கினு கெடக்கறான், இவனுக்கு ஒரு பொண்டாட்டி" என்று ஆரம்பிப்பாள். தேவயானி அழுதுவிடுவாள். ஒரு வருஷம் நான் டியூட்டியில் இருந்தேன். கிழவி டிக்கெட் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். முறை வந்ததும் கவுன்ட்டர் ஓட்டையில் வாயை வைத்து, "எருமை மாடு, ஒன்ன யாருடா இங்க ஒக்கார வெச்சது?" என்று தொடங்கி இரண்டு நிமிஷம் திட்டினாள். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். டிக்கெட் வாங்காமல் போய்விட்டாள். திண்டிவனத்திலிருந்து அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தாளா? எனக்கு அன்று மானம் போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டு விசாரித்தார். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது சார் என்றேன். அக்கா, நான் அப்படிச் சொன்னேன்.

ஜூன் மூன்று போயிற்று. மண்டபம் இல்லை, மேளம் இல்லை. தேவயானி கொஞ்சம் பாயசம் வைத்தாள். சின்ன இலை ஒன்று போட்டோம். அறுபது முடிந்த அண்ணன், வயது ஒன்றே கால். அறுபதாம் கல்யாணத்துக்கு அவனுக்குப் பெண் பார்க்க முடியவில்லை என்று தேவயானியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு "மணி" என்று கூப்பிட்டேன். என்னை எல்லாரும் கூப்பிட்ட பெயர், நான் ஒருவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் ஊட்டுவதற்குக் கையை எடுத்தபோது, ஒரு முந்திரியைக்கூட அவன் இலையில் விட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டேன்.

அம்மா போய்ப் பத்து ஐப்பசி ஆகிவிட்டது. பத்து வருஷமாக என்னை யாரும் திட்டவில்லை அக்கா. தேவயானி திட்டுகிறாள், அது வேறு கணக்கு. போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்களே, அது எந்த மாதம் என்று பார்த்தேன். கார்த்திகை. அம்மாவின் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை, நான் அப்பா பிள்ளை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

தம்பி,
குப்பு


திண்டிவனம்,
ஐப்பசி 14, 2013

அருணா கையில் கொடுத்தனுப்புவது. அங்கேயே நின்று சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொள்.

ஏண்டா எருமை மாடே, நீயெல்லாம் ஒரு ஆளாடா? மழை பேயிது, துணி காயல, ஊர்ல ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்ல, நீ மட்டும் குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்துகினு டீ குடிச்சிக்கினு இருக்கியாமே. மண்டையில மசுரு இல்ல, வாயில பல்லு பாதி இல்ல, நெஞ்சுல கம்பி சொருகிக்கினு திரியிற. ஒன்ன எடுத்துக்கினு போயி எவன் இன்னாடா பண்ணப் போறான்? ஓட்ட ஒடசல் எடுக்கறவன்கூட ஒன்னத் திரும்பிப் பாக்க மாட்டான்.

இந்த லட்சணத்துல ஞாயித்துக்கெழம தாலி கட்டறானாம். வெக்கங்கெட்டவனே. தேவயானி பாவம், வேற கதியில்லாம கழுத்த நீட்டறா. எனக்கு ஒன்ன பாக்கணும்னு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. விழுப்புரத்துல எனக்கு வேற வேலை இருக்குது, அப்பிடியே வந்து முடிச்சு போட்டுட்டுப் போறேன். கால் நீட்ட எடம் வெச்சிரு. காது மெஷினு மாட்டிக்கினு வர்றேன், ஒன் கேவலமான கொரல ஒம்போது வருஷமா கேக்கல.

சோம்பேறி, தண்டம், சனியன். அம்மா இருந்திருந்தா இன்னும் நல்லா திட்டியிருப்பா, எனக்கு அவ்ளோ வரல. வர்ற வருஷம் இன்னும் கத்துக்கினு வர்றேன். கேட்டுக்கோ. ஒன்ன யாருக்கும் வேணாம். ஒருத்தருக்கும் வேணாம். அதனால எங்கியும் போயிடாத. இங்கியே கெட.